நல்ல தண்ணி

தம்பிக்கு,

நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் நான். சோதனையே செய்யாமல் முடிவை மட்டும் எழுதிய நோட்டுக்கு ஒருநாளும் மார்க் போட்டதில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். போன வாரம் நீ வாட்ஸப்பில் அனுப்பிய செய்திக்குத்தான் இந்தப் பதில். போனில் கேட்டதற்குக் காகிதத்தில் பதில் எழுதுகிறாளே என்று சலித்துக்கொள்ளாதே. போனில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். இதில் ஒரு பிரதியை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். பேர் போடமாட்டேன், பயப்படாதே. வயதான தகப்பனை வீட்டில் வைத்திருக்கிற பிள்ளைகள் வேறு யாராவது படித்தால் அவர்களுக்காவது ஆகும்.

உன் செய்தியில் மூன்று காரியங்கள் இருந்தன. சென்னையில் புது ஃப்ளாட்டின் ஹாலில் கடல்மீனும் பவளமும் வளர்க்கிற தொட்டி வைக்கப்போகிறாய், இந்த முறை ஒழுங்காக வைக்கப்போகிறாய் என்பது ஒன்று. இங்கே பழைய தொட்டியில் கிடக்கிற கற்களைக் கழுவி, பார்சல் சர்வீஸில் போட்டுவிட வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, நான் மதுரை வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்துவிட வேண்டும் என்பது. அதை நீ எழுதியிருந்த விதத்தை அப்படியே திருப்பி எழுதுகிறேன், நான் ஏதோ கற்பனை செய்துகொண்டேன் என்று நீ சொல்லக்கூடாது பார். "நீங்க இங்க வந்துட்டா எல்லாருக்கும் நிம்மதிம்மா. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிருவோம், டேங்க்கப் பாத்துக்க வீட்ல ஒரு ஆள் இருக்கணும்ல." முதலில் படித்தபோது சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டாவது தடவை படித்தபோதுதான் பின்பாதி கண்ணில் பட்டது.

மூன்றுக்கும் பதில் வருகிறது. அதற்கு முன்னால், இந்த வீட்டில் நீ முதல் தொட்டி வைத்த கதையை உனக்கே சொல்லப்போகிறேன். தெரிந்த கதைதானே என்பாய். நீ அதை லைட், பம்பு, உப்பளவு என்று ஞாபகம் வைத்திருக்கிறாய். எனக்கு அது வேறு மாதிரி ஞாபகம் இருக்கிறது.

கல்யாணம் முடிந்த கையோடு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நீயும் மருமகளும் இங்கே வந்தீர்கள். அவள் தூத்துக்குடிப் பெண். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காட்டினால், "நல்லாருக்கு அத்தை, ஆனா இதுல அலை இல்லையே" என்று சிரித்தாள். அவளுக்காகக் கடலையே வீட்டுக்குள் கொண்டுவருகிறேன் என்று நீ கிளம்பினாய். ஒரு தொட்டிக்கு நீ விசாரித்த விசாரிப்பை உன் கல்யாணத்துக்கு நாங்கள் விசாரிக்கவில்லை. அளவு, எடை, வெளிச்சம், சூடு என்று மாதக்கணக்கில் அதே பேச்சு. தொட்டிக்கு அடியில் ஒரு சம்ப் வேண்டும் என்றாய். "சம்புதான் வாசல்ல இருக்கேய்யா, அதுக்கு மேலயா வைக்கப் போற?" என்று அப்பா கேட்டார். கீழ் அலமாரியில் வைக்கிற இன்னொரு சின்னத் தொட்டிக்குத்தான் அந்தப் பேர், மேலே இருக்கிற தண்ணீர் அதில் இறங்கிச் சுத்தமாகித் திரும்ப மேலே ஏறும் என்று நீ விளக்கினாய். ஒரே வார்த்தை உனக்கு ஒன்றாகவும் அவருக்கு ஒன்றாகவும் இருந்ததைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கே நாம் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும்.

இடம் பார்த்தாய். வெயில் நேராக விழக்கூடாது, தரை அரை டன் எடையைத் தாங்க வேண்டும், பக்கத்தில் பிளக் வேண்டும், தண்ணீர் வெளியேற வழி வேண்டும். நான்கும் பொருந்திய இடம் ஹாலில் அப்பாவின் வயர் நாற்காலி கிடந்த சுவர்தான். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து அவர் பகல் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பார். நாற்காலியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினாய். உன் தேர்வில் ஒரு குறையும் சொல்லமாட்டேன், கணக்குப்படி அது சரியான இடம். அவரும் முகம் சுளிக்கவில்லை. "அங்குட்டு இருந்தா தெருவப் பாக்கலாம், இங்குட்டு இருந்தா தொட்டியப் பாக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

பிறகு பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கியது. தண்ணீரை வடிகட்ட ஆர்.ஓ. இயந்திரம், மூட்டையாக உப்பு, அழுக்கை நுரையாக்கித் தள்ளும் ஸ்கிம்மர், மதுரை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர். ஒருநாள் என்னை உட்காரவைத்து பி.எச். என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுத்தாய். உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அப்பா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "டீச்சரம்மா, பையன் உனக்கு டெஸ்ட் வைக்கப் போறான், படிச்சிட்டு வா" என்று ராத்திரிச் சாப்பாட்டில் கிண்டல் செய்தார்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அந்தப் பொறுமையை அந்த நாட்களில் உன்னிடம் பார்த்தேன், மெச்சவும் செய்தேன். உப்பைக் கரைத்து, கல்லை அடுக்கி, ஒரு மீன்கூட விடாமல் வாரக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டாய். கல்லில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறி, அழுக்கைத் தின்று பழக வேண்டும், அதற்குள் உயிரை விட்டால் செத்துப்போகும் என்றாய். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், மீன் இல்லாத தொட்டிக்கு முன்னால் என்ன சார் பார்க்கிறீர்கள் என்று அப்பாவைக் கேலி செய்தார்கள். தாலுகா ஆபீஸில் ஃபைல் நகர்வதற்குக் காத்திருந்தே வேலைக்காலத்தை ஓட்டிய மனிதர் அவர். காத்திருப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. கல்லில் பழுப்பாகத் தூசி படிந்ததை முதலில் பார்த்ததும் அவர்தான், அது போய்ப் பச்சை வந்ததைச் சொன்னதும் அவர்தான். நீ லேப்டாப்பில் இருப்பாய். அவர்தான் தொட்டியில் இருந்தார்.

நத்தைகள் வந்தன, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு வந்தன. பொத்தான் பொத்தானாக விரிகிற பவளங்களும் வந்தன. கடைசியாகச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு இறால் வந்தது. மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பொறுக்கித் தின்னும், கையை விட்டால் நகத்தையும் சுத்தம் செய்யும் என்று நீதான் சொன்னாய். சொன்னதோடு நிற்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்த பிறகு, அப்பாவின் வலது கையைக் கழுவித் துடைத்து, நாற்காலியை அருகில் போட்டு, நீயே பிடித்துத் தொட்டிக்குள் விட்டாய். அந்த இறால் மெதுவாக வந்து அவர் விரலில் ஏறியது. "குறுகுறுங்குதுடா" என்றார் அப்பா. பிசியோதெரபிக்காரர் மாதக்கணக்கில் பிசைந்தும் ஒன்றும் தெரியவில்லை என்ற கை அது. உண்மையிலேயே தெரிந்ததா, ஆசையில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த மகனை எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி தண்ணீர் விஷயம். நம் வீட்டில் இரண்டு குழாய். போர் குழாயில் வருவது உப்புத்தண்ணி, அது துவைக்க, குளிக்க. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கார்ப்பரேஷன் குழாயில் வருவது நல்ல தண்ணி, அது குடிக்க, சமைக்க. மதுரையில் எந்த வீட்டில் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். கை விழுந்த பிறகும் நல்ல தண்ணி பிடிக்கிற வேலையை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இடது கையால் சொம்பு சொம்பாக மோந்து செம்புப் பானையில் ஊற்றுவார். அந்தப் பானையை யார் வாங்கிக் கொடுத்தது? நீ. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், ராத்திரி முழுக்கச் செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று எங்கோ பார்த்துவிட்டு, குழாய் வைத்த அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மகன் வாங்கிக் கொடுத்தது என்று அவர் அதைப் புளி போட்டு விளக்கச் சொல்லி என் உயிரை எடுப்பார்.

ஈஸ்டருக்கு நீங்கள் இருவரும் தூத்துக்குடிக்குப் போனீர்கள். தொட்டியில் குறைகிற தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவிக்கு ஆர்டர் போட்டிருந்தாய், அது வந்து சேரவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும், அதனால் உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவிடம் நீ போனில் சொன்னது ஒரே வரி. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "சம்ப்ல தண்ணி கொறஞ்சா நல்ல தண்ணி ஊத்துங்கப்பா, உப்புத்தண்ணி ஊத்திராதீங்க." அவர் சரி என்றார். ஆர்.ஓ. தண்ணீர் கேன் அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கு நம் வீட்டில் நல்ல தண்ணி என்று யார் பேர் வைத்தது?

அவர் நல்ல தண்ணி ஊற்றினார். நாம் குடிக்கிற தண்ணீரை, அதிலும் செம்புப் பானையில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரை. வீட்டில் இருந்த தண்ணீரிலேயே உசத்தியான தண்ணீரை எடுத்து, இடது கையால் சொம்பு சொம்பாக, நீங்கள் தூத்துக்குடியில் இருந்த நாளெல்லாம் ஊற்றினார். அலமாரிக்கு முன்னால் குனிந்து எழுந்திருக்கிறபோது முனகுவார். நான் காலையில் டியூஷன், சாயங்காலம் பெண்கள் கூட்டம் என்று அலைந்துகொண்டிருந்தேன். சொம்போடு அவர் ஹாலுக்குப் போவதை ஒருமுறை பார்த்தேன், குடிக்கத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். செம்பு கரைந்த தண்ணீர் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம் என்று எனக்குத் தெரியாததா? திரும்பி வந்த பிறகு என்னிடம் ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. அப்பாவைக் கேட்டாய். கெமிஸ்ட்ரி டீச்சரைக் குறை சொல்ல உனக்குத் துணிவில்லை, கை விழுந்தவரைச் சொல்லத் துணிவு இருந்தது.

நீங்கள் திரும்பி வந்தபோது மீன்கள் இரண்டும் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. நத்தைகள் மணலில் விழுந்து கிடந்தன. பவளங்கள் சுருங்கி வழவழவென்று ஆகிவிட்டன. இறால் ஒரு கல்லிடுக்கில் வெளுத்துக் கிடந்தது. அதைத்தான் அப்பா அதற்கு முந்தின நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தார், தோல் உரிக்க ஒளிந்திருக்கும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நீ சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்தை விட்டாய், நிறம் மாறியது. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டாய். அவர் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். "நல்ல தண்ணிதான்யா ஊத்துனேன். நம்ம செம்புப் பானைத் தண்ணி."

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். நம் வீட்டில் கத்தாத ஆள் யார்? கத்துவோம், அரை மணி நேரத்தில் காபி குடிப்போம். நீ சோதனைக் குழாயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "நீங்க ஒண்ணும் செய்யாம இருந்திருந்தாலே போதும்ப்பா."

அவ்வளவுதான். நீ அதை மறந்திருப்பாய். ஆனால் அவர் அரசாங்க உத்தியோகஸ்தர், சொன்னதைச் செய்து பழக்கம். மறுநாள் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தபோது எழுந்திருக்கவில்லை. நான்தான் பிடித்தேன். இடது கையால் பீன்ஸ் ஒடித்துக் கொடுப்பார், அதை விட்டார். பால்காரருக்கு வாசலைத் திறப்பார், அதையும் விட்டார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணும் செய்யாம இருந்தா போதும்னு சொல்லிட்டான்ல, அத ஒழுங்காச் செய்றேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அவரைத் திட்டினேன், பிள்ளை ஏதோ வருத்தத்தில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா என்று. உன் பக்கம்தான் பேசினேன், தெரிந்துகொள். அந்த வாரமே நீ தொட்டியின் மேல் சுவரில் ஒரு கேமராவை மாட்டினாய். எங்கே இருந்தாலும் போனில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம் என்று எனக்குக் காட்டினாய். அப்பாவுக்குக் காட்டவில்லை. அதோடு அவருடைய நாற்காலி, வெளிச்சம் அடிக்கிறது, தூக்கம் கெடும் என்று சொல்லப்பட்டு, அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போனது.

அந்தக் கோடையில் மத்தியான வேளைகளில் கரண்ட் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். தொட்டிக்காகப் புது இன்வெர்ட்டர் வாங்கினாய், பம்பும் சில்லரும் நிற்கக்கூடாது என்று. பின்னறைக்கு அதிலிருந்து ஒரு ஃபேன் லைன் இழுக்கலாமா என்று எலக்ட்ரீஷியனிடம் நான் கேட்டபோது, லோடு தாங்காது, அப்புறம் பார்க்கலாம்மா என்றாய். தொட்டிக்குள் இருபத்தாறு டிகிரி. பின்னறையில் அப்பா சபைப் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். நான் சண்டை போட்டிருக்கலாம். அவர்தான் வேண்டாம் என்றார். "அது பாவம், வாயில்லாத சீவன். நமக்கென்ன, வெளிய போய் நிக்கலாம்" என்றார். அந்த வெயிலில் வெளியே போய் நிற்க அவரால் முடியாது என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு வாரம் சென்னைக்கு வீடு பார்க்கப் போனபோது நடந்ததை இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. ஒரு மத்தியானம் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அந்த ஆரஞ்சு மீன் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். தடுமாறி, தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றினார். உடனே கேமராவிலிருந்து உன் குரல் வந்தது: "அப்பா, கைய வைக்காதீங்க." அவர் கையை எடுத்துக்கொண்டார். வாசலைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். அடுப்படியில் நின்ற என்னிடம் வந்து, "தம்பி வந்துட்டானா? எங்கிட்டு இருக்கான், சாப்புட்டானா?" என்று கேட்டார். நான் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். அதன்பின் அவர் ஹாலுக்கு வந்தது நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அன்றுதான்.

செம்புப் பானையிலிருந்து குடிப்பதையும் அவர் நிறுத்திவிட்டார். ஒருநாள் கேட்டார், அது நமக்கும் விஷமா, இம்புட்டு நாளாகக் குடிக்கிறோமே என்று. இல்லை, மனித உடம்புக்குக் கொஞ்சம் செம்பு வேண்டும், அந்த இறாலுக்குத்தான் ஆகாது என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அப்ப அவன் அத எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல, டீச்சரம்மா? சொல்லிருந்தா ஊத்திருக்க மாட்டேன்ல" என்றார். நான் சரி என்றேன். அந்த வருஷ மழைக்காலத்திலேயே அவர் போனார். நீ வந்தாய், எல்லாம் முறையாகச் செய்தாய், அழுதாய். உன் அழுகையை நான் பொய் என்று சொல்லவில்லை. அப்போதுகூட, மனது ஆறி என்னிடமாவது அந்த வார்த்தையைப் பற்றி ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சில்லரையும் லைட்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினாய்.

இனி உன் மூன்று காரியங்கள். புதுத் தொட்டியை நன்றாக வை, நான் சாபம் விடுகிற ஆள் இல்லை. கடலில் பெயர்த்த கல்லும் பவளமும் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாங்காதே, அது குற்றம், பாவமும்கூட. முன்பு காட்டிய பொறுமையைக் காட்டு. எந்தக் கேனில் என்ன தண்ணீர் என்று வெளியில் எழுதி ஒட்டு. வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புரிகிற வார்த்தையில் எழுது. உனக்குப் புரிவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதைவிட, சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் போ. அரைகுறையாகச் சொல்லிவிட்டு, புரிந்துகொள்ளாதவன்மேல் பழியைப் போடாதே.

கற்களை அனுப்பமாட்டேன். கார்பன் போட்டுச் செம்பையெல்லாம் இழுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். தண்ணீரில் இருந்ததைத்தான் இழுத்திருக்கிறாய். அந்தக் கல் சுண்ணாம்பு, அது செம்பைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். இன்றைக்குச் சோதித்தால் ஒன்றும் காட்டாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி நீ புது உயிர்களை விட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்கிறார்கள். நம் வீட்டில் அது தலைகீழ். ஊற்றியதைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். கல்லுக்காக என்னைக் கேட்டாயே, அதனால் சொல்கிறேன்.

கடைசியாக, நான் வருவது. மருமகள் தனியாகப் பேசினாள், அத்தை வாங்க, உங்களுக்கு ஒரு அறை தயாராக இருக்கிறது என்றாள். நல்ல பெண். அந்த அறையில் இன்வெர்ட்டர் லைன் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. உன் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆளாக நான் வரமாட்டேன் தம்பி. அந்த வேலையை இந்த வீட்டில் ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்தார், அவருக்குக் கிடைத்த சர்டிபிகேட்டையும் பார்த்தேன்.

நீ விட்டுப்போன ஆரஞ்சு மீன்கள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. மீனுக்குக் கொஞ்சம் செம்பு தாங்கும். நான்தான் தீனி போடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்து உன் குரல் வந்தது, "கொஞ்சமாப் போடுங்கம்மா" என்று. போட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பாய் என்று நினைத்தேன். அப்புறம்தான் இந்தக் கடிதத்தை எழுதுவதென்று முடிவெடுத்தேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் அந்தக் கேமராவைக் கழற்றப்போகிறேன். எறியமாட்டேன், நீ காசு போட்டு வாங்கியது. பின்னறைச் சுவரில் மாட்டப்போகிறேன். இது உன் கைக்கு வருகிறபோது உன் போனில் மீன் தெரியாது. ஒரு வயர் நாற்காலி தெரியும், பக்கத்தில் அந்தச் செம்புப் பானை தெரியும். பேசுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சொல். முழுக்கச் சொல். நான் அடுப்படியில்தான் இருப்பேன். நீ சொல்வது என் காதில் விழுந்தால் அன்றைக்குப் பெட்டி கட்டுகிறேன்.

அம்மா